நெஞ்சு வருத்தக்காரி நடந்த கதை

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்து வெளியே வந்த பிறகு, என்னைப் பார்க்க வந்த எல்லோரும் மால்ட் மா அடைத்த தகர ரின்னோடு வந்தார்கள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் நோய், வருத்தம் என்று கிடக்கிறவரைப் பார்க்க வெறுங்கையோடு போகும் வழக்கம் இல்லை. மா ரின், பிஸ்கட், அப்பிள், முந்திரிகைப் பழக் குலை. எனக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தமும் இருக்கிறது என்பது வந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கொண்டுவந்தார்கள். "நெஞ்சுக்குச் சத்து வேணுமெல்லே" என்றார்கள். கொக்குவிலில் மகளுடைய வீட்டில், என் கட்டிலுக்கு எதிரே இருந்த அலுமாரியின் மேல் அந்த ரின்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. நான் படுத்தபடி அவற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வேறு வேலை எனக்கு இல்லை. காலைக் கீழே வைத்தால் மகள் ஓடி வருவாள்.

"எங்கையணை போறியள்?"

"குசினிக்கு. தண்ணி குடிக்க."

"நான் கொண்டுவாறன். நீங்கள் கிடவுங்கோ. நெஞ்சு களைச்சுப் போகும்."

என் நெஞ்சு களைக்கவில்லை. கிடந்து கிடந்து கால்தான் களைத்தது. ஆனால் அதைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கதைக்கும் இடத்தில் வாய் திறக்க வெட்கப்படுகிறவள். கலியாணத்துக்கு முன் எனக்காக அம்மா கதைத்தார். பிறகு கணவர் கதைத்தார். அவர் போன பிறகு மகள் கதைத்தாள். எழுபத்தொரு வயதில்தான் எனக்காக நான் கதைத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புத்தூரில் எனக்கு ஒரு வீடும் கிணறும், அதைச் சுற்றிக் கொஞ்சத் தோட்டக் காணியும் இருக்கின்றன. கணவர் இறந்து பதினொரு வருடமாக அங்கே தனியாகத்தான் இருந்தேன். மிளகாயோ வெங்காயமோ கத்தரியோ, ஏதாவது ஒன்று எப்போதும் நிலத்தில் நிற்கும். மாரடைப்புக்குப் பிறகு அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மகளும், கனடாவில் இருக்கும் மகனும் ரெலிபோனில் கதைத்து, இனி நான் அங்கே திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். வீட்டில் வேறு ஆரையாவது குடியிருத்துவது, என்னைக் கொக்குவிலிலேயே வைத்துக்கொள்வது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து அறையில் அவர்கள் கதைத்தது சுவரால் கேட்டது, அவ்வளவுதான். அவர்கள் சொன்ன காரணம் என் நெஞ்சு.

அந்த நெஞ்சு என்ன செய்தது என்பதைச் சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும்.

பெற்றோலுக்கு எல்லோரும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. ஆடி மாதம். காலையில் மிளகாய்க் கன்றுகளுக்கு இடையில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்கு நடுவில் ஆரோ அம்மிக் கல்லைத் தூக்கி வைத்த மாதிரிப் பாரமாக இருந்தது. இடது தோளில் இருந்து முழங்கை வரை இழுத்தது. வேர்த்துக் கொட்டியது. வாய்வு என்று நினைத்து உள்ளே போய் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் குடித்தேன். அது கேட்கவில்லை. அடுத்த வீட்டில் ஓட்டோ வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிடலாம் என்று வேலிக்குப் போனேன். அவர் விறாந்தையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பிடுகிற ஆளைச் சோற்றில் இருந்து எழுப்பக் கூடாது. நான் அப்படி வளர்ந்தவள். அவர் கையைக் கழுவட்டும் என்று வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புட்டும் சம்பலும் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தா. அதையும் ஆற்றி ஆற்றிக் குடித்தார். நான் ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கை கழுவ எழும்பியபோதுதான் அவர் என்னைக் கண்டார்.

"என்னக்கா, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லைத் தம்பி. நெஞ்சு கொஞ்சம் நோகுது. நீ ஆறுதலாக் குடிச்சிட்டு வா."

"உங்களுக்கென்ன விசரே? எவ்வளவு நேரமா நிக்கிறியள்?"

அதற்குள் நிலத்தில் சரிந்து இருந்துவிட்டேன்.

அந்த மனிதரை அப்போது எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தது. ஓட்டோவில் பெற்றோலை வைத்துக்கொண்டே இல்லை என்கிறான் என்றார்கள். கலியாண வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டாலும் இல்லை, கோயிலுக்குக் கேட்டாலும் இல்லை. தன் மனைவியையே நெல்லியடிச் சந்தைக்குச் சைக்கிளில்தான் வைத்து மிதித்தார். உண்மையில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு போத்தல். அதைக் கிணற்றடியில் ஒரு பழைய வாளியால் கவிட்டு மூடி ஒளித்து வைத்திருந்தார். அன்றைக்கு அதை ஊற்றித்தான் என்னை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். நான் பிழைத்தேன்.

புரட்டாதியில் என்னைக் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். மகள் வங்கியில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். டொக்டர் ஒரு பெண்பிள்ளை. என் மகளை விட வயது குறைவு. என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மகள் பதில் சொன்னாள்.

"நோ தொடங்கி எவ்வளவு நேரத்தாலை ஆஸ்பத்திரிக்கு வந்தவா?"

"உடனை வந்திட்டா."

"வீட்டிலை என்ன வேலை செய்யிறவா?"

"வேலை ஒண்டுமில்லை டொக்டர். சும்மா இருக்கிறவா."

டொக்டர் பிள்ளை நாடி பார்க்க என் கையைப் பிடித்தவர், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"சும்மா இருக்கிற ஆளுக்கு உந்தக் கை எப்பிடி அம்மா காய்ச்சது?"

மகள் வாயைத் திறந்தாள். அவளுக்கு முன் நான் சொன்னேன். "தோட்டம்."

ஒரு சொல்தான். என் காதே சூடாகியது. ஆனால் அவர் மகளை விட்டுவிட்டு என் பக்கம் கதிரையைத் திருப்பி இருந்தார். பிறகு மற்றதும் வந்தது. "உடனையும் வரேல்லை. அவர் சாப்பிட்டு முடியும் மட்டும் நிண்டனான்."

"ஆர் சாப்பிட்டு முடியும் மட்டும்?"

சொன்னேன். புட்டு, சம்பல், தேத்தண்ணீர் எல்லாம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, இனி நெஞ்சு நொந்தால் ஆர் சாப்பிட்டாலும் சரி, ஆர் குளிச்சாலும் சரி, நீங்கள் கத்த வேணும். விளங்குதோ?"

"ஓம்."

"எங்கை, ஒருக்காக் கத்துங்கோ பாப்பம்."

நான் கத்தவில்லை. வெளியே வாங்கில் காத்திருக்கிற சனம் இருந்தது.

அவர் நெஞ்சை ஸ்கான் எடுத்த படத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் நின்றும் என் இதயத்தில் பழுதானது கொஞ்சந்தான் என்றார். அது ஏன் என்று மகள் கேட்டாள். டொக்டர் பிள்ளைக்குக் கதைக்க விருப்பம் என்பது அப்போது தெரிந்தது. வெளியே அத்தனை பேர் காத்திருக்க, மேசையில் இருந்த கடதாசி ஒன்றைப் புரட்டிப் போட்டு, சின்னச் சின்ன வட்டங்கள் கீறினார். இதயம் இப்படிக் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது என்றார்.

"ஒவ்வொரு கலத்துக்குள்ளையும் ஒரு நொதியம் இருக்கு அம்மா. அதின்ரை வேலை, சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கெண்டு பாத்துக்கொண்டிருக்கிறது. இரத்தக் குழாய் அடைபட்டால் சக்தி குறையத் தொடங்கும். அது டக்கெண்டு முழிச்சிடும். உடனை தேவையில்லாத வேலையெல்லாத்தையும் நிப்பாட்டும். புதுசா ஒண்டும் கட்டாதை, வளராதை எண்டு சொல்லும். சீனி உள்ளை வாற கதவைத் திறந்துவிடும். பழுதாப்போன சாமானை உடைச்சு அதையும் எரிக்கும். இருக்கிற கொஞ்சத்தை இதயம் துடிக்கிறதுக்கு மட்டும் விடும். உதவி வந்து சேருமட்டும் கலத்தைச் சாகவிடாமல் பிடிச்சு வைச்சிருக்கப் பாக்கும்."

"ஓட்டோக்காரத் தம்பி மாதிரி" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாளிக்குக் கீழே இருந்த போத்தலைப் பற்றிச் சொன்னேன். கலியாண வீட்டுக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை, சாகிற ஆளுக்கு மட்டும் என்று வைத்திருந்தாரே, அது. டொக்டர் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"அதேதான். நாங்கள் அஞ்சு வருசம் படிச்சதை நீங்கள் வேலியடியிலை படிச்சிட்டியள்."

"அந்தப் பொருளுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன்.

"பேர் நீளம் அம்மா. ஆங்கிலத்திலை நாலெழுத்தாச் சுருக்கி வைச்சிருக்கினம். உங்களுக்குப் பேர் தேவையில்லை. அது எப்ப நல்லா வேலை செய்யுமெண்டு தெரிஞ்சால் போதும். வழக்கமா உடம்பை அசைச்சு வேலை செய்யிற ஆக்களுக்கு அது பழகின நாய் மாதிரி, சின்னச் சத்தத்துக்கும் எழும்பும். எந்த நேரமும் தின்னக் குடுத்துக் கட்டிலிலை வைச்சிருந்தால் அதுவும் படுத்திடும். சீனி வருத்தக்காரருக்கு அது கொஞ்சம் மந்தம். சீனி வருத்தத்துக்கு நீங்கள் போடுற பெரிய குளிசையும் அதைக் கொஞ்சம் தட்டி எழுப்பும் எண்டு சொல்லுகினம்." பேனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "உதெல்லாத்தையும் எலியிலை வடிவாப் பாத்திருக்கினம். மனிசரிலை இன்னும் பாத்துக்கொண்டிருக்கினம். உங்கடை நெஞ்சை அதுதான் காப்பாத்தினது எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஊசியும் காப்பாத்தினது. ஆனா நடவுங்கோ. ஒவ்வொரு நாளும் நடவுங்கோ. நடையும் அளவான பசியுந்தான் அதுக்கு அலாரம்" என்றார்.

மகள் தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிலில் இருத்திவிட்டு மால்ட் கரைத்துக்கொண்டு வந்தாள்.

"டொக்டர் நடக்கச் சொன்னவா" என்றேன்.

"ஓமணை. உடம்பு தேறினாப் பிறகு நடக்கலாம்."

"நடந்தால்தான் தேறும் எண்டு சொன்னவா."

"அவை அப்பிடித்தான் சொல்லுவினம். விழுந்தால் தூக்க வாறது நாங்கள்."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய அப்பா சந்தைக்குச் சைக்கிளில் போகும் வழியில் நெஞ்சு அடைத்து விழுந்து இறந்தவர். ஒரு நோவும் சொல்லாமல் காலையில் போன மனிதர். பிரேதத்தை முதலில் கண்டது அவள்தான். நெஞ்சு என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு அந்த ரோட்டுத்தான் கண்ணுக்குள் வரும். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் எதிர்த்தேன்.

அவள் வங்கிக்குப் போனதும் எழும்புவேன். அறை யன்னலில் இருந்து குசினிக் கதவு வரை, குசினியில் இருந்து விறாந்தை வரை, திரும்ப யன்னலுக்கு. முதல் நாள் மூன்று சுற்றில் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் நாலு. ஒரு மாதம் முடிவதற்குள் அரை மணித்தியாலம் நடந்தேன். மால்ட்டை வாழை மரத்துக்கு ஊற்றினேன். அவள் வரும் நேரத்துக்குப் போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு வருத்தக்காரியாகக் கிடந்தேன். அந்த வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடிக்கிற பிள்ளை மாதிரி எனக்கு ஒரு சந்தோசம்.

இதோடு நின்றிருந்தால் நான் கெட்டிக்காரி. நிற்கவில்லை.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. நாற்பது வருடமாக நான் விடாமல் பிடிக்கிற விரதம். ஆறு நாளும் பகல் முழுக்க ஒன்றும் இல்லை. பின்னேரப் பூசை முடிய ஒரு கப் பாலும் ஒரு வாழைப்பழமும். மகள், "இந்த வருசம் மத்தியானம் மரக்கறிச் சோறு சாப்பிட்டுக்கொண்டு பிடியுங்கோ, முருகன் கோவிக்க மாட்டார்" என்றாள். தலையை ஆட்டினேன். ஆனால் என் மனதில் டொக்டர் பிள்ளை சொன்ன பசி நின்றது. அளவான பசி என்று சொன்னது காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். விழுந்தது. எனக்கு அளவு ஆறு நாள். கோயிலுக்கும் ஆகும், நெஞ்சுக்குள் இருக்கிற காவலுக்கும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அவள் மூடி வைத்துவிட்டுப் போன சோற்றை எதிர் வீட்டு நாய் தின்றது. மருந்தை மட்டும் விடவில்லை. மருந்தை விடுவது பெரிய பிழை என்று எல்லோரும் சொல்லியிருந்தார்களே. சீனிக்குத் தந்த பெரிய குளிசையும் சின்னக் குளிசையும் வெறும் வயிற்றில் ஒழுங்காகப் போட்டேன்.

மூன்றாம் நாள், மகள் கூட்டிக்கொண்டு போன கோயிலில், பின்னேரப் பூசையில் தீபம் காட்டும்போது கை நடுங்கத் தொடங்கியது. குளிர்ந்த வேர்வை. முன்னால் நின்ற பெண்ணின் சேலைக் கரை இரண்டாகத் தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. கண் விழித்தபோது வாய் முழுக்கக் கற்கண்டு. ஆரோ அர்ச்சனைத் தட்டில் இருந்து அள்ளிப் போட்டிருக்கிறார்கள். மகள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா போட்டா, அம்மா போட்டா" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் போகவில்லை. சீனி இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்து குளுக்கோஸ் ஏற்றி விட்டார்கள்.

அன்றோடு என் பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மகன் கனடாவில் இருந்து வீடியோவில் வந்தான். மகள் போனைச் சீனிப் பேணிக்குச் சாய்த்து வைத்தாள்.

"அக்கா, இனி அம்மாவைப் புத்தூருக்கு விடுறது எண்ட கதையே வேண்டாம். வீட்டுக்கு ஆள் பாத்தாச்சோ?"

"தை மாசம் வாறதெண்டு ஒரு குடும்பம் சொல்லியிருக்கினம்."

"அம்மா, கேக்குதோ? நாங்கள் உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறம்."

"ஓம் தம்பி" என்றேன். மகனோடு ரெலிபோனில் நான் கதைப்பது எப்போதும் அவ்வளவுதான். ஓம் தம்பி. சுகம் தம்பி. வைக்கிறன் தம்பி.

ஆனால் அதற்குப் பிறகு கட்டிலில் கிடக்க முடியவில்லை. பிழை விட்டது நான்தான். நாலு பேருக்கு முன்னால் விழுந்ததும் நான்தான். ஆனால் விழுந்தது சீனியால், நெஞ்சால் இல்லை. ஒரு பிழைக்காக வீட்டைப் பறிப்பதா? தண்ணீர் விடாமல் ஒரு பாத்தி வாடினால் அடுத்த நாள் தண்ணீர் விடுவோமே தவிர, தோட்டத்தை விட்டுவிட்டுப் போவோமா?

அடுத்த திங்கள் மகள் வேலைக்குப் போனதும் குளித்து, சேலை மாற்றி, இரண்டு இடியப்பம் சாப்பிட்டு, மருந்து போட்டேன். டொக்டர்மார் எழுதித் தருகிற கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டேன். ஒரு கடதாசியில் "ஆஸ்பத்திரிக்குப் போறன். வருத்தம் இல்லை. பயப்படாதே" என்று எழுதி ஒரு மால்ட் ரின்னுக்குக் கீழே வைத்தேன். சந்திக்கு நடந்து பஸ் ஏறினேன். என் வாழ்க்கையில் ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் போனது அன்றைக்குத்தான்.

கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை கொப்பியை விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தா.

"இண்டைக்கு உங்கடை நாளில்லை அம்மா. மார்கழியிலை வாங்கோ."

"நான் இருக்கிறன்."

"இருந்தாலும் கூப்பிட மாட்டினம்."

"பரவாயில்லை. இருக்கிறன்."

"மார்கழி வருமட்டுமோ?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பென்றால் அந்தச் சிரிப்புக்கே எழும்பிப் போயிருப்பேன். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வரிசை முழுக்க முடிந்தது. டொக்டர் பிள்ளை கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்னம்மா, ஆரோடை வந்தனீங்கள்?"

"தனிய. ஒரு கேள்வி கேக்க வந்தனான். எனக்குத் தனிய இருக்க ஏலுமோ, ஏலாதோ? மகளுக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லுங்கோ."

அவர் திரும்ப உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

முதலில் நல்ல ஏச்சு வாங்கினேன். சஷ்டிக் கதை முழுவதும் கொப்பியில் எழுதியிருந்தது. சின்னக் குளிசை சீனியை இழுத்து இறக்குகிற குளிசை, சாப்பாடு இல்லாமல் அதைப் போடுவது வயிற்றில் அடிப்பது போல என்றார். "நான் சொன்னது இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இடையிலை நொறுக்காமல் இருக்கிற பசியை அம்மா. மருந்தும் போட்டு ஆறு நாள் காயிறதை இல்லை. பட்டினி கிடந்து அந்தக் காவல்காரனை வெருட்டக் கூடாது." விரதம் பிடிப்பதென்றால் முதலில் தன்னிடம் கேட்க வேண்டும் என்றார். சின்னக் குளிசையை அரைவாசியாக்கினார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். அது என் பிழை. அதற்கு வாதாட நான் போகவில்லை.

பிறகு வீட்டுக்குள் நடந்ததைச் சொன்னேன். யன்னலில் இருந்து குசினிக்கு, குசினியில் இருந்து விறாந்தைக்கு.

"அரை மணித்தியாலமோ? மகளுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

அவர் கொஞ்ச நேரம் பேனையால் மேசையைத் தட்டினார். "நான் ஏலும் எண்டு சொன்னாலும் உங்கடை மகள் நம்ப மாட்டா. உங்கடை காலே சொல்லட்டும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் நடை பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று அளக்கிறார்கள். நீளமான விறாந்தையில் இந்த முனையில் ஒரு சிவப்புக் கூம்பு, அந்த முனையில் ஒன்று. உடற்பயிற்சி பழக்குகிற ஒரு பொடியன் வந்து பிறசர் பார்த்து, விரலில் ஒரு கவ்வியை மாட்டினார். ஏலாவிட்டால் நிற்கலாம், சுவரில் சாயலாம், நெஞ்சு நொந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றார். "ஓடப்படாது அம்மா."

"நான் எங்கை தம்பி ஓடுறது" என்றேன்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு தொடங்கினேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன், தோட்டத்தில் செருகுவது போல. முதல் இரண்டு சுற்றும் இலேசு. மூன்றாவதில் கூம்பைச் சுற்றித் திரும்பும்போது விறாந்தை வாசலில் மகள் நின்றாள். வங்கிச் சேலை, கையில் ஹெல்மெற். என்னைப் பார்க்க மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் கடதாசியைக் கண்டிருக்கிறாள்.

"அம்மா! என்னணை செய்யிறியள்? நில்லுங்கோ!"

என் கையைப் பிடிக்க ஓடிவந்தாள். பொடியன் குறுக்கே கையை நீட்டினார்.

"தொடப்படாது அக்கா. கதைக்கவும் படாது. சோதினை நடக்குது."

"அவ நெஞ்சு வருத்தக்காரி!"

"ஓம். அதுக்குத்தான் நடக்கவிட்டிருக்கிறம்."

அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். ஹெல்மெற்றை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நான் அவளைக் கடந்து போனேன். திரும்பி வந்தேன். மறுபடி கடந்து போனேன். அவளுடைய முகத்தை அப்படித் தள்ளி நின்று பார்த்து எவ்வளவு காலம். அவள் வாய் ஏதோ தேவாரம் முணுமுணுத்தது. நாலாவது நிமிடத்தில் மூச்சு வாங்கியது. நெஞ்சு அடித்தது. அடிக்கட்டும், அதுதானே அதன் வேலை என்று நினைத்தேன். நோ இல்லை. உள்ளே எது முழித்திருந்ததோ, எது கதவைத் திறந்துவிட்டதோ எனக்குத் தெரியாது. கால் போனது. அவளுக்கு முன்னால் மட்டும் நிற்பதில்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

"நேரம் முடிஞ்சுது அம்மா, அப்பிடியே நில்லுங்கோ."

நின்றேன். பொடியன் அளந்தார். முந்நூற்றுச் சொச்சம் மீற்றர் என்றார். பிறசர் பார்த்தார், விரல் கவ்வியைப் பார்த்தார். டொக்டர் பிள்ளை அதைக் கொப்பியில் எழுதி, மகளைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தார்.

"இந்த வயசுக்கு, மாரடைப்பு வந்த ஆளுக்கு இது நல்ல நடை. நீங்கள் கட்டிலிலை வைச்சிருந்தும் எப்பிடி நடந்தவா எண்டு வீட்டை போய்க் கேளுங்கோ. காலமை சீனி பாக்கட்டும், மருந்து போடட்டும், போன் கையிலை இருக்கட்டும், நோ எண்டால் கத்தட்டும். தனிய இருக்கலாம்."

"அப்பாவும் நல்லாத்தான் நடந்தவர் டொக்டர்" என்றாள் மகள். அழத் தொடங்கிவிட்டாள். "காலமை நல்லாச் சைக்கிளோடினவர்."

நான் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். சேலைத் தலைப்பால் அவளுடைய முகத்தைத் துடைத்தேன். "உன்ரை அப்பாவை ஒருத்தரும் ஒருநாளும் நெஞ்சு பாக்கேல்லை, பிள்ளை. என்னைப் பாத்திட்டினம்" என்றேன்.

வெளியே வந்ததும் அவள் கனடாவுக்குப் போன் எடுத்தாள். அங்கே அப்போது விடியற்புறம். கொப்பியில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினாள். அவன் என்னவோ சத்தம் போட்டான். நான் கையை நீட்டினேன். அவள் திகைத்துப்போய் போனைத் தந்தாள்.

"தம்பி, நான் புத்தூருக்குப் போறன்."

"அம்மா, நாங்கள் கதைச்சு ஒரு முடிவெடுத்த பிறகு—"

"நீங்கள் கதைச்சது கேட்டது. இப்ப நான் கதைக்கிறன். தைக்கு வாற ஆக்களை வரவேண்டாம் எண்டு சொல்லு. நான் கேக்கேல்லை மோனை, சொல்லுறன்."

பிறகு, "மருந்து ஒழுங்காப் போடுவியளோ?" என்றான். அவனுடைய அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

"போடுவன். சாப்பிட்டிட்டுப் போடுவன்."

போனை அவளிடம் கொடுத்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அவள் மோட்டார் சைக்கிளை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு, "இண்டைக்கேயணை போறியள்? உடுப்பு ஒண்டும் எடுக்கேல்லை, மருந்து எடுக்கேல்லை" என்று புறுபுறுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். உடுப்பு புத்தூரில் இருக்கிறது என்றேன். மருந்து என் பையில் இருக்கிறது என்றேன். அவளுக்கு மூச்சு வாங்கியது.

புத்தூர் வழியாகப் போகிற பருத்தித்துறை பஸ் புறப்பட நின்றது. ஏறினோம். சனம் நிறைந்திருந்தது. ஒரு இருக்கைதான் வெறுமையாக இருந்தது. மகள் என்னை அதில் இருத்தப் பார்த்தாள். நான் அவளை இருத்தினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு புத்தூர் வரை நின்றே போனேன்.